செருப்பைக் கழட்டிட்டு ஏறின வேன்

பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அடுத்தவர் கதையைக் கேட்டால் நம் தூக்கம்தான் கெடும். இன்று முன் சீட்டிலிருந்த யூனிஃபார்ம்காரர் பக்கத்திலிருந்த மீசைக்காரரிடம் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை.

"என் சொந்த வேன்ல ஏற நானே செருப்பைக் கழட்டினேன்ணே."

"ஏன்டா?"

"படுக்கை, அடுப்பெல்லாம் வச்ச கேம்பர் வேன் வாங்கினேன்ல? கூரை ஒழுகுதுன்னு வாங்கின கடையிலயே ரிப்பேருக்கு விட்டேன். போன வாரம் போய்ப் பார்த்தா கடையை மூடிட்டாங்க. போன் அடிச்சா, காஹாங்குக்கு மாறிட்டோம், அங்க வாங்கங்கிறாரு முதலாளி."

"அலமாக்! அங்க செம்பனைத் தோட்டம்தானே இருக்கு? யாரு வேன் வாங்குவா?"

"அதைக் கேக்கத்தான் போனேன். புதுக் கடைக்கு இன்னும் கதவே போடலண்ணே. அதுவரைக்கும் என் வேன்தான் அவருக்கு ஆபீஸ். உள்ள சாமி படம் மாட்டி, என் அடுப்புலயே பால் காய்ச்சிட்டிருக்காங்க."

"நல்லா நாலு வார்த்தை கேட்டியா இல்லையா?"

"பால் பொங்குற நேரத்துல எப்படிண்ணே சத்தம் போடுறது? முதல் கிளாஸே எனக்குத்தான் கொடுத்தாங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேன். அப்புறம் முதலாளி என்னைத் தனியா கூட்டிட்டுப் போயி, 'தம்பி, கூரை ஒழுகுது லா, ஆபீஸ் நடத்த முடியல'ங்கிறாரு. என்கிட்ட!"

"நீ என்ன சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை வந்து அடைச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன்."