சுக்கூர் பாய்க்கு ஒரே ஓர் உயிர்

என் அண்ணனின் கணினிக்குள் பலமுறை உயிர்நீத்தும், இன்று பொன்னாடையோடும் புன்னகையோடும் வீற்றிருக்கும் விழாத் தலைவர் ஹரிஹரசுதன் ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! பந்தலின் ஒரே மின்விசிறியைத் தங்கள் பக்கமே திருப்பி வைத்திருக்கும் தாய்மார்களே! திருவரங்க வாசகர் வட்டத்துத் தோழர்களே! பதினோராம் வகுப்பு மாணவி அறிவுமதியின் பணிவான வணக்கம்.

தலைவர் திகைக்கிறார். விளக்கிவிடுகிறேன், ஐயா. என் அண்ணன் சித்தார்த் கணினியில் போர்த்தந்திர விளையாட்டு ஆடுகிறான். வீரர்களுக்கு நாமே பெயர் சூட்டலாம். பெயர் தேடச் சோம்பல்பட்டவன், நம் தெருவையே படையாக்கிவிட்டான்! தலைவர் ஐயா வில்லாளி. கீரை விற்கும் இருசம்மாள் அக்கா ஈட்டிக்காரர். டீக்கடை அப்துல் சுக்கூர் பாய் குதிரைப்படைத் தளபதி! கைதட்டாதீர்கள், பாய் வெட்கப்படுகிறார்.

அண்ணன் எப்படி ஆடினான்? தலைவரைத் தனியாக எதிரியின் வாசலுக்கு அனுப்புவான். அவர் விழுவார். பதறுவானா? முறுக்கைக் கடித்தபடி, முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறப்பான். தலைவர் எழுவார். மறுபடி அனுப்புவான். மறுபடி விழுவார்.

"ஏண்ணா, பாவம், ஐயாவைப் போய் இந்தப் பாடு படுத்துறே?" என்றேன்.

"அவருக்கென்ன, திரும்ப வந்துடுவாரு!"

இது வீரமா? இது விவேகமா? விழுந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காத விளையாட்டும் ஒரு விளையாட்டா?

அதே ஆட்டத்தை ஆட இன்னொரு முறையும் உண்டு. அதில் செத்தவர் செத்தவரே; பழைய ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. "தைரியம் இருந்தா அதுல ஆடு, பாப்போம்" என்றேன். அவனுடைய கல்லூரித் தோழன் ஜூடும் சேர்ந்துகொண்டான். வடகோட்டையை முதலில் பிடிப்பது யார் என்று இருவருக்கும் போட்டி.

அன்று மாறினான் என் அண்ணன்! தலைவரை மரத்தின் மறைவில் நிறுத்தினான். இருசம்மாள் அக்காவுக்குக் கேடயம் கொடுத்தான். ஓரடி எடுத்து வைக்க ஒன்பது முறை யோசித்தான். "பரீட்சைக்கு இதுல பாதி யோசிச்சிருக்கலாம்" என்றார் அம்மா.

வந்தது கடைசிப் போர். கோட்டை வாசல் எதிரே. சுக்கூர் பாய் உடலெல்லாம் காயம். அவர் ஒருமுறை பாய்ந்தால் கோட்டை விழும். கூடவே அவரும் விழுவார். கைபேசியில் ஜூட் கத்துகிறான்: "அனுப்புடா மச்சான்! ஒரு ஆள்தானே! நானும் வாசல்கிட்ட வந்துட்டேன்!"

அண்ணன் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து டீக்கடைக்குப் போனான். "என்ன தம்பி, மூஞ்சியே சரியில்ல? சக்கரை கூடப் போடவா?" என்று கேட்டிருக்கிறார் பாய்.

திரும்பி வந்தவன் நெடுநேரம் திரையையே பார்த்தான். அதன் ஓரத்தில் 'பின்வாங்கு' என்று ஒரு பொத்தான்.

"இது இத்தனை நாளா இங்கயா இருந்துச்சு?"

இருந்தது, அவையோரே! முதல் நாளிலிருந்தே இருந்தது! சாவே இல்லாத படைக்குப் பின்வாங்கும் வழி எதற்கு? இழப்பே இல்லாதவன் கண்ணுக்கு அந்தப் பொத்தான் எப்படித் தெரியும்?

அழுத்தினான். படை முழுவதும் திரும்பியது. வடகோட்டை ஜூடுக்குப் போனது.

"ஓடிட்டியேடா! திருச்சி மானத்தையே வாங்கிட்டியேடா!"

"வாங்குனா வாங்கிட்டுப் போறேன். நாளைக்கு வேற கோட்டை வரும். வேற பாய் வருவாரா?"

தோற்கத் துணிந்த அவனைக் கோழை என்பீர்களா? கொண்டுபோன அத்தனை பேரையும் வீடு கொண்டுவந்து சேர்ப்பதைவிடப் பெரிய கொடி எந்தக் கோட்டையில் பறக்கிறது? வெற்றி என்று நாம் எண்ணிய பட்டியலில், விழுந்தவர்களை எண்ணினோமா?

பந்தலின் பின்னாலிருந்து பாய் கேட்கிறார்: "பாப்பா, அப்ப நான் இருக்கேன்ல?"

இருக்கிறீர்கள், பாய்! காயம்கூட ஆறிவிட்டது!

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கேட்காமலே பெயர் எடுத்துக்கொள்ளப்பட்ட எங்கள் படையினருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்.