ஆயுசுக்கும் செல்லும்

— தப்பு டீச்சர். ‘ஆ’ போடணும். நீங்க ‘ஈ’ போட்டுகிறீங்க.

— எப்படிடீ அமலா தப்பு? கேள்வியை இன்னொரு தரம் படி.

— அஞ்சு வயசுக் கொழந்தைக்கு முன்னாடி ரெண்டு கிளாஸு வெக்கிறோம். ஒண்ணு ஒசரம், ஒண்ணு குள்ளமா அகலமா. ரெண்டுலயும் ஒரே அளவு தண்ணி. எதுல ஜாஸ்தின்னு கேட்டா கொழந்த இன்னா சொல்லும்? ஒசர கிளாஸுலதான்னு சொல்லும். புக்ல அப்டித்தான் கீது.

— புக்குல இருக்கட்டும். என் ஒண்ணாங்கிளாஸ்ல கனகம் பொண்ணு இருக்கு பாரு, அதைக் கேளு. ரெண்டும் ஒண்ணுதான்னு பட்டுனு சொல்லும்.

— அது எப்டி சொல்லும்?

— கனகம் வல்லம் வடகால்ல கம்பெனி வாசல்ல ஜூஸ் கடை போட்டிருக்காளோன்னோ? அடி தடிச்ச கண்ணாடி கிளாஸ், பாக்கத்தான் ஒசரம், பிடிக்கறது கொஞ்சம்னு அந்தக் கொழந்தைக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.

— டீச்சர், பரீட்ச கனகம் பொண்ணுக்கு இல்ல, உங்களுக்கு. இப்டித்தான் போன தபாவும் நாலு மார்க்குல வுட்டீங்க. கேள்விய படிச்சதும் உங்க கிளாஸு புள்ளைங்க மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துடுது. அதுங்கள மறந்துட்டு எழுதுங்க.

— இருபத்தாறு வருஷமா அதுகளோட மூஞ்சியைத்தானேடி பாத்துண்டிருக்கேன். கோர்ட்டுல திடீர்னு சொல்லிட்டா, எத்தனை வருஷம் நின்னு நடத்தியிருந்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதான் இந்த டெட், எழுதி பாஸ் பண்ணு, இல்லேன்னா ஆத்துக்குப் போன்னு. ரெண்டு வருஷம் கெடு. அதுல பாதி ஓடிப்போச்சு.

— மெதுவா பேசுங்க டீச்சர். அந்தாண்ட மஞ்ச துப்பட்டா நிக்குது பாருங்க, சசிரேகா. திருநெல்வேலிப் பக்கம். கம்பெனில எங்க லைனுதான். அது காதுல வுழுந்தா சாயங்காலத்துக்குள்ள கம்பெனி பூரா தெரிஞ்சிடும்.

— தெரியட்டுமே. ஜெயலக்ஷ்மி டீச்சருக்கே நான்தான் பாடம் சொல்லித் தரேன்னு பெருமையா சொல்லிக்கோயேன்.

— ஐயோ, நீங்க வேற. கம்பெனில நான் வெறும் பிளஸ் டூ. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சேன், டெட்டு பாஸ் பண்ணேன்னு ஒரு வார்த்த வுடல. அதிகம் படிச்சவங்கள லைன்ல நிக்க வெக்க மாட்டாங்க. வேற வேல கெடச்சா பூடுவாங்கன்னு.

— அப்போ நான் யாருன்னு சொல்லி வெச்சிருக்க?

— இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுன்னு.

— அடிப்பாவி!

— சனிக்கிழம ஆனா பையும் புக்குமா பஸ் ஸ்டாப்புக்கு வந்துடறீங்க. வேற இன்னாத்த சொல்றது? சசி கூட கேக்கறா, அந்தம்மா உன்ன வுடாது போலயேன்னு.

— சரி சரி. இந்தா, பிடி. புளியோதரை. ஆத்துக்காரர் கோயில்லேர்ந்து கொண்டு வந்தார். அவர் கைங்கர்யத்துல இதுதான் வரும். கரண்ட் பில்லு கட்டறதெல்லாம் என் சம்பளத்துல.

— எதுக்கு டீச்சர் வாரா வாரம்? ஷிப்டுல சாப்டறேன். டப்பாவ அடுத்த வாரம் தரேன்.

— நாலாங்கிளாஸ்ல உனக்கு அம்மை போட்டுதே, ஞாபகம் இருக்கா? பிள்ளைப்பாக்கம் வரைக்கும் நான்தான் நடந்து வந்து எளநி குடுத்துட்டுப் போனேன். உங்கம்மா என்னை உள்ளயே விடல, வேப்பெலை கட்டியிருக்குன்னு.

— ஞாபகம் இல்லாம போவுமா? போன வாரம் பாவாட தெச்சுக் குடுத்தத சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குக் காஞ்சிபுரம் இட்டுகினு போனத. வாரத்துக்கு ஒண்ணு எடுத்து வுடறீங்க டீச்சர்.

— வயசாயிடுத்தோன்னோ. பழசுதான் முன்னாடி வந்து நிக்கறது. பாடத்துக்கு வா.

— இன்னிக்கு மனசு பாடத்துல நிக்க மாட்டேங்குது. பஸ்ஸையும் காணோம். கன்டெய்னர் லாரி எதுனா குறுக்க நின்னுகினு கீதோ இன்னாவோ. லேட்டா போனா சூப்பர்வைசர் இசக்கியப்பன் கேட்டுலயே நிப்பாரு, வாட்சைப் பாத்துகினு. நம்மளப் பாக்க மாட்டாரு, வாட்சைத்தான் பாப்பாரு.

— நீ ஏன் உக்காந்து எழுந்து உக்காந்து எழுந்து நிக்கற? எனக்குத் தலை சுத்தறது. ஒரு எடத்துல இரு.

— லைன்ல நின்னு நின்னு பழகிடுச்சு. உக்காந்தா காலு குறுகுறுங்குது.

— உன் சர்டிபிகேட்டைப் பத்திரமா வெச்சிருக்கியோ?

— எந்த சர்டிபிகேட்டு?

— டெட் சர்டிபிகேட்டுதான். வேற எதைக் கேப்பேன்?

— கீது டீச்சர். பீரோல பட்டுப் பொடவைக்கு அடியில. நான் பாஸ் பண்ணப்ப ஏழு வருசம்தான் செல்லும்னு போட்டுக் குடுத்தாங்க, பால் பாக்கெட்டுல தேதி போடற மாதிரி. வருசா வருசம் எடுத்துப் பாப்பேன். அஞ்சு வருசம் கீது, நாலு வருசம் கீதுன்னு. வேல வரல. ஏழு வருசம் முடியற நேரத்துக்குக் கொரோனா வந்துச்சு. சர்டிபிகேட்டும் பூடுச்சு, ஆசையும் பூடுச்சுன்னு கம்பெனில சேந்தேன். சேந்து அடுத்த வருசம் சொல்றாங்க, இனிமே ஆயுசுக்கும் செல்லும்னு.

— நன்னாருக்கு. உன் சர்டிபிகேட்டு ஆயுசுக்கும் செல்லும், உனக்கு வேலை இல்ல. என் வேலை ஆயுசுக்கும்னு நெனச்சிண்டிருந்தேன், என்கிட்ட சர்டிபிகேட்டு இல்ல.

— நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா தெச்சா ஒரு முழு டீச்சர் தேறும்.

— சிரிக்காதே. அந்தப் பழைய தேதி போட்ட காகிதம்தானா இன்னும்?

— இல்ல, மாத்தி வாங்கிட்டேன். ரெண்டு நாள் லீவு போட்டு, ஓ.டி. காசும் போயி, அலைஞ்சு திரிஞ்சு வாங்குனேன்.

— எப்போ?

— போன... போன மாசம்தான்.

— ஆயுசுக்கும் செல்லும்னு சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு! அப்பல்லாம் விட்டுட்டு இப்போ எதுக்கு லீவு போட்டு வாங்கினே?

— சும்மாதான் டீச்சர். கையில இருந்தா நல்லதுன்னு.

— சும்மா லீவு போடற கம்பெனியா அது?

— அடுத்த கேள்வி எடுக்கட்டுமா?

— எடு. சூழ்நிலையியல்ல எடு. அதுலதான் எனக்குக் கொறஞ்சுது.

— அது அடுத்த வாரம் பாக்கலாம்.

— போன வாரமும் அடுத்த வாரம்னே. அதுக்கு முன்னாடியும் அதையேதான் சொன்னே. கொழந்தை மனசையே வாரா வாரம் நடத்திண்டிருக்க. பரீட்சை அடுத்த மாசம்டீ.

— தெரியும் டீச்சர்.

— தெரிஞ்சுமா? பஸ்ஸை விடு. ரோட்டைப் பாக்காதே. என் மூஞ்சியைப் பாரு. உனக்கு அந்தப் பாடம் மறந்துடுத்தா?

— மறக்கல.

— பின்னே?

— டீச்சர், உங்க ஸ்கூல் செக்ரட்டரி எனக்குப் போன் பண்ணாரு.

— யாரு, திருநாராயணனா?

— அவருதான். ஜெயலக்ஷ்மியம்மா இந்த வாட்டியும் பாஸ் பண்ணலன்னா எடம் காலியாவும், நீ நம்ம ஸ்கூல்லயே படிச்ச பொண்ணு, டெட்டும் முடிச்சிகிற, சர்டிபிகேட்ட மட்டும் சரி பண்ணி வெச்சிக்கோம்மான்னாரு. அதுக்குத்தான் மாத்தி வாங்குனேன்.

— நீ என்ன சொன்னே அவர்கிட்ட?

— சரி சார்னேன்.

— ம்.

— அவரு பேசி வெச்ச ரெண்டு நாள் கழிச்சு நீங்க வந்து நிக்கறீங்க, இதே ஸ்டாப்புல. பாடம் சொல்லிக் குடுடீ, நீ ஒருத்திதான் எனக்குத் தெரிஞ்சு பாஸ் பண்ணவன்னு. நான் அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. உங்களுக்கு வர்ற பாடத்தையே நடத்துனேன். வராத பாடத்த தள்ளித் தள்ளிப் போட்டேன். இப்ப சொல்லிட்டேன். திட்டறதுன்னா திட்டிடுங்க.

— அவ்வளவு ஆசையாடீ?

— இன்னா சொல்றது டீச்சர்... ஷிப்டு பூரா நின்னுகினு அதே மஞ்ச வயர அதே ஓட்டையில சொருவணும். யாரும் பேர் சொல்லிக் கூப்ட மாட்டாங்க. பதினாலாவது ஸ்டேஷன், பதினாலாவது ஸ்டேஷன்னுதான். அன்னிக்கு சார் போன வெச்சதும் நேரா கடைக்குப் போயி ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்குனேன்.

— சாக்பீஸா? ஸ்கூல்லயே குடுப்பாளே.

— தெரியும். இருந்தாலும் வாங்குனேன். வூட்ல செவுத்துல எழுதிப் பாத்தேன், கை நேரா வருதான்னு. என் வூட்டுக்காரு கேக்கறாரு, உனக்கு இன்னா பைத்தியமான்னு.

— கை நேரா வந்துதா?

— மொதல்ல கோணலா போச்சு. அப்பறம் வந்துச்சு. ஏன் டீச்சர் புக்க மூடறீங்க?

— வெயில் கண்ணைக் கூசறது. நீ சொல்லு.

— கோவமா கீறீங்க.

— இல்லடீ. சொல்லு.

— நான் முடிவு பண்ணிட்டேன் டீச்சர். இன்னிக்கு நேத்து இல்ல, போன வாரமே. நீங்க அந்த எளநி கதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கு வூட்டுக்குப் போயி சோறு எறங்கல. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவங்க வெளிய வர்ற வாசல்ல நான் எப்டி உள்ள போவேன்? உங்க நாற்காலில உக்காந்தா புள்ளைங்க கேக்காதா, பழைய டீச்சர் எங்கன்னு? சார்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். பஸ்ல ஏறுனதும் போடறேன் போன.

— அவசரப்படாதே.

— இல்ல டீச்சர், தள்ளிப் போட்டா மறுபடியும் ஆச வந்துடும். பஸ் வர்ற வரைக்கும் சூழ்நிலையியல் ஆரம்பிக்கலாம், புக்க தொறங்க. அட, தொறக்காமயே சொல்லுங்க பாப்போம். உணவுச் சங்கிலில மொத கண்ணி எது?

— பச்சைத் தாவரம். அதுதான் உற்பத்தியாளர். அதைத் திங்கறது மொதல் நிலை நுகர்வோர். பாம்பு, கழுகெல்லாம் அதுக்கு மேல. காளான் சிதைப்பான். அடுத்தது கேளு.

— மழ நீர் சேகரிப்பு... ஓசோன்...

— ஓசோன் அடுக்கு ஸ்ட்ராட்டோஸ்பியர்ல. அதைக் கெடுக்கறது குளோரோ ஃப்ளூரோ கார்பன். ப்ரிட்ஜ், ஏசி. அடுத்தது.

— டீச்சர், இதெல்லாம் தண்ணி பட்ட பாடா சொல்றீங்களே! இதுலதான் மார்க்கு போச்சுன்னீங்க?

— போன தடவை போச்சு. அப்பறம் வசுதா பெங்களூர்லேர்ந்து தெனம் போன்ல நடத்தி முடிச்சுட்டா. என் பொண்ணாச்சே, என்னை விட மாட்டா.

— உங்க பொண்ணே நடத்துதுன்னா... என்கிட்ட எதுக்கு வந்தீங்க?

— சொல்லி வெச்ச மாதிரி பஸ் வந்துடுத்து பாரு.

— ஏ அமலா! வண்டி வந்துட்டு! அந்த அம்மாட்ட ஒரு பாலிசியப் போட்டுத் தொலச்சிட்டு வாட்டி, இசக்கியப்பன் அண்ணாச்சி கொல்லப் போறாரு!

— வரேன் சசி! நிறுத்தச் சொல்லு! டீச்சர், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே. சரி, அடுத்த வாரம் பேசலாம். நீங்க பயப்படாம போங்க. எடம் உங்களுதுதான். உக்காந்ததும் சாருக்குப் போன் போட்டுடறேன்.

— போடாதே.

— இன்னாது?

— போடாதேங்கறேன். நான் தேறலேன்னாலும் கையில ஆள் தயாரா இல்லேன்னா திருநாராயணன் கெடு முடியற வரைக்கும் என்னைப் பொறுத்துப் பாப்பார். ஆள் இருந்தா ரிசல்ட் வந்த அன்னிக்கே என் நாற்காலியைத் தொடச்சு வெச்சுடுவார். ஆனாலும் போடாதே. பரீட்சையில தேறினா என் இடம், தேறலேன்னா உன் இடம். அந்த சாக்பீஸ் பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதே.

— பஸ்ஸு கெளம்புது டீச்சர்! நீங்க ஏன் இப்டி பேசறீங்க? நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே!

— திருநாராயணன் உனக்குப் போன் பண்ணினது எனக்கு அன்னிக்கே தெரியும்டீ. அந்த ‘வேணாம்’ங்கற வார்த்தையை உன் வாயால சொல்ல வெக்கத்தான் வாரா வாரம் புளியோதரை கட்டிண்டு வந்தேன்.