முகத்துவாரத்து நாற்காலி

இரவு ஒன்றரை மணி. கருக்களாச்சேரியிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்குப் போகும் மணல் பாதை. எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை மழை. ஆள் இல்லை, நாய்கூட இல்லை... ஒருத்தி மட்டும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

என் கூட்டாளி நடராசனுடைய அக்கா, சௌந்தரவல்லி. அவனே என்னிடம் சொன்னது. மன்சூர் அலி, இளிக்காதே. பயமாயிருந்தால் எழுந்து போய்ப் படு.

வள்ளங்கள் கடலில் இருக்கும்போது காற்று கிளம்பினால், ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு பெண்கள் விளக்கோடு போய் நிற்பார்கள். அது அந்த ஊர் வழக்கம். இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில்தான் ஆழம். கொஞ்சம் விலகினாலும் மணல் திட்டு, அலை தூக்கி அடித்துவிடும்.

அன்றைக்கு வந்தது வள்ளம் இல்லை. மேலே ஒரு சத்தம்... இருமுகிற மாதிரி. நின்றது. மறுபடி இருமியது. யாரோ மில் முதலாளியின் குட்டி விமானம், மழையில் வழி தவறி வந்திருக்கிறது. இரண்டு தரம் சுற்றியது. கீழே முழுக்க இருட்டு, இரண்டே இரண்டு விளக்கு. நேராக அந்த இரண்டுக்கும் நடுவில் இறங்கியது. அவள் தலைக்கு மேலே காற்று அறைந்தது. பெட்ரோல் நாற்றம். அப்புறம்... பளார் என்று தண்ணீர்ச் சத்தம்.

உள்ளே விமானி ஒருவன்தான். விடிந்த பிறகுதான் அவனைப் பிணமாக வெளியே எடுக்க முடிந்தது.

மூன்றாம் நாள் மெட்ராஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். எமகாதகர். கரைக்கு இழுத்துப் போட்டிருந்த விமானத்தைச் சுற்றி வந்து, அதன் சக்கரத்துக்கிட்டே குந்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"வீல இறக்கியிருக்கான். தரைன்னு நெனச்சிருக்கான். இங்க வெளக்கு ஏதாவது இருந்துச்சா?"

ஊர்த் தலைவரான நாட்டார் முந்தின ராத்திரியே எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார், பாவி மனுஷன். "வெளக்குன்னு ஒரு வார்த்த வெளிய வந்துச்சு, ரெண்டு பொம்பளைங்களும் ஜெயிலுக்குத்தான்." அவர் சொன்னபடியே சௌந்தரவல்லியும் அதிகாரியிடம் சொன்னாள். "நாங்க வெளக்கே வைக்கிறதில்லீங்க சார்." கீழே கைநாட்டும் வைத்தாள்.

அவர் நம்பவில்லை. ஊரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்றே தினம் ராத்திரி காரைக்கால் பங்களாவிலிருந்து வந்து, முகத்துவாரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கோட்டு, தொப்பி, வாயில் சிகரெட். அவர் போகிற வரைக்கும் ஒருத்தரும் விளக்கைத் தொடக்கூடாது என்று நாட்டார் உத்தரவு.

ஆறாம் நாள் ராத்திரி காற்று கிளம்பியது. சௌந்தரவல்லி புருஷன் அஞ்சப்பனும் இன்னும் மூன்று பேரும் கடலில்.

அவள் விளக்கோடு ஓடினாள். நாட்டார் பாதையில் மறித்து, விளக்கைப் பிடுங்கி மணலில் போட்டார். "கண்ணு அவிஞ்சா போச்சு? அங்க பாரு, உக்காந்திருக்கான்."

உட்கார்ந்துதான் இருந்தார். கொட்டுகிற மழையில்... அசையாமல். சிகரெட் நெருப்பு மட்டும் தெரிந்தது.

கடலிலிருந்து அஞ்சப்பன் குரல். "வல்லீ... வெளக்கு எங்கடீ?"

அவள் நாற்காலிக்கு ஓடி அவர் காலில் விழுந்தாள். "சார், எம் புருஷன் வெளிய கெடக்கான் சார். ஒரே ஒரு தடவ வெளக்கு ஏத்திக்கிறேன் சார்."

அவர் கடலைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "எந்த வெளக்கு? வைக்கிறதே இல்லன்னு நீதானம்மா சொன்ன?"

அவ்வளவுதான். அவள் மணலில் விழுந்தபடியே கிடந்தாள். நாட்டார் வந்து கொத்தாகத் தூக்கிக்கொண்டு போனார். அஞ்சப்பன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டாவது தடவை பாதியில் நின்றது.

நடராசன் இந்த இடத்தில் அழுதுவிட்டான். கல் நெஞ்சுக்காரர்கள்... ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

விடிந்ததும் நாலு பேரையும் கரையில் வரிசையாகக் கிடத்தினார்கள். நாட்டார் என்ன செய்தார் தெரியுமா? பங்களாவுக்கு ஓடினார். அதிகாரியிடம் சொல்ல... "பாத்தீங்களா சார், வெளக்கு வைக்கிற ஊரா இருந்தா இவனுங்க செத்திருப்பானுங்களா?" போகிற வழியெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

பங்களாக் காவல்காரர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். "அவரா? விசாரணை முடிஞ்சிருச்சு, விமானி தப்புதான்னு எழுதிட்டேன்னு சொன்னாரே. நேத்து சாயங்காலமே மெட்ராஸ் பஸ் ஏறிட்டாரு." மடக்கு நாற்காலி உள்ளே சுவரில் சாய்ந்திருந்தது. அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நாட்டார் திரும்பி வந்து, ஊர் முன்னால் திக்கித் திக்கி இதைச் சொன்னார். சௌந்தரவல்லி அஞ்சப்பன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, தம்பிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கால்ல விழுந்தேன்ல... ரெண்டு கையாலயும் ஷூவப் புடிச்சேன்டா. உள்ள தண்ணிதான் இருந்துச்சு. கால் இல்ல."