எல்லோருக்கும் ஒரே முகவரி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு கொஞ்சம் கூர்மை. பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்துவிடும். தப்பாக நினைக்காதீர்கள், இந்த அறையில் அந்த அலமாரிக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடக்கிறது. யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

அவசரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்குத்தான். முதியோர் இல்லத்தில் என் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். அப்பா அடித்த மணியை அணைத்துவிட்டு அவரைச் சாக விட்டாள் என்று அவள் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அவள் அணைக்கவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு நான் சொல்லப்போவது போதும் என்று நினைக்கிறேன். முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது அந்த இல்லத்தையும் அது போன்ற வேறு சில இல்லங்களையும் நடத்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது என் தொழில். மனிதர்களோடு பேசும் வேலையை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் என்னை 'ஒயர்' என்று கூப்பிடுவார்கள். உடம்பும் அப்படித்தான் என்பதால் நான் ஆட்சேபித்ததில்லை.

அப்பா லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த பிறகு எங்கள் வீட்டு நடு அறையில் கிடந்தார். வயிறு அவர் பேச்சைக் கேட்காது. துடைப்பது, மாற்றுவது எல்லாம் என் மனைவிதான். நான் வாசற்படியில் நின்று, 'எதாவது வேணுமாப்பா?' என்று கேட்டுவிட்டுப் போவேன். அவள் இல்லாத ஒரு நாள் நானே போர்வையைத் தூக்கினேன். தூக்கியவன் ஜன்னலுக்கு ஓடினேன். நான் வெளியே தலையை நீட்டி ஓங்கரிப்பதைக் கேட்டு, பின்னாலிருந்து கோணிய வாயோடு அப்பா கேட்டார்.

"எத்தனாவது மாசம்டா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, துடைத்துவிடக் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அந்த வாரமே எங்கள் இல்லங்களில் ஒன்றில் அவருக்கு இடம் பிடித்தேன். என் மனைவி சில நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது, "மாமாவுக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று.

குறை அவளிடம் இல்லை. குறை வீட்டுக் காற்றில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

இல்லத்துக்கு ஒரு தடவை போனேன். பினாயில், அவித்த காய், மூத்திரம் மூன்றும் கலந்து ஒரு வாடை. அதை வாடை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். வரவேற்பறையோடு திரும்பிவிட்டேன். ஆனால் அப்பாவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு மனசு இளகிய மனசு, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பார்க்க வேண்டும், முகர வேண்டாம். ஒயருக்குள் நாற்றம் வராது என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு மூடிய வழி போகிறது. எங்கள் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க இன்னொரு மூடிய வழி. வி.பி.என். என்போம். அதுவும் அதே பெட்டியில் வந்துதான் முடிகிறது. ஆனால் வீட்டிலிருந்து வருகிறவர் தலைமை அலுவலகத்தோடு நின்றுகொள்ள வேண்டும், அங்கிருந்து இல்லங்களுக்குள் தாண்டக் கூடாது. சம்பந்தி வீட்டாரைக் கூடத்தில் உட்கார வைத்து எவ்வளவு உபசரித்தாலும் பீரோ சாவியைக் கொடுக்க மாட்டோமே, அந்த மாதிரி.

அந்தச் சமயம் எங்கள் இயக்குநருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இல்லங்களின் கணக்கைப் படுக்கையிலிருந்தே பார்க்க வேண்டும், ஏற்பாடு செய் என்றார். அவர் ஒருவருக்கு, கணக்கு ஒன்றுக்கு மட்டும் வழி திறந்தால் போதும். நான் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் திறக்கத் தீர்மானித்தேன். அந்த எல்லோரில் நானும் ஒருவன்.

அதில் ஒரு சிக்கல். நாம் அனுப்புவது இல்லத்துக்குப் போய்விடும். பதில் திரும்பி வர வேண்டுமே? அதற்கு அந்தப் பக்கத்துப் பெட்டியிலும் நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் முகவரிகளைச் சொல்லி வைக்க வேண்டும். இல்லங்களின் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு ஒப்பந்தக்காரர். எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் அவருக்குச் 'சட்டம்' என்று பெயர். போன் போட்டேன்.

"யார் யாருக்கு, எந்தெந்த மெஷினுக்குன்னு சொல்லுங்கண்ணே, உடனே போட்டுத் தர்றேன்."

"எல்லாருக்கும், எல்லாத்துக்கும்னு போட்டுக்கப்பா."

"அதுக்கு ஏன் பெட்டி? கதவைக் கழட்டி எடைக்குப் போட்டுடலாம்."

"இயக்குநர் சொல்றாருப்பா."

"அங்க கிழங்கட்டைங்க துணி மாத்துற ரூம்லயெல்லாம் கேமரா இருக்குண்ணே. விழுந்தா தெரியணும்னு வச்சது. வீட்டுல சோபாவுல உக்காந்து பாக்கறதுக்கு இல்ல. பேரைக் குடுங்க, செய்யறேன்."

சரிதான் என்றேன். அவரிடம் பேர் கொடுக்கவில்லை. அவர் உதவி இல்லாமலே முடித்தேன். வீட்டிலிருந்து வருகிற எவரும் இல்லத்துக்குள் நுழையும்போது தலைமை அலுவலகத்தின் முகவரியைப் போட்டுக்கொண்டு நுழையும்படி எங்கள் பெட்டியில் ஒரு வரி எழுதினேன். தலைமை அலுவலகத்தைத்தான் இல்லத்துக்கு ஏற்கெனவே தெரியுமே, கேள்வி கேட்காமல் பதில் அனுப்பும். இயக்குநர் வந்தாலும், தட்டச்சுப் பெண் வந்தாலும், நான் வந்தாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரே ஆள். யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோம்பேறி வேலைதான். ஆனால் ஓடியது. இயக்குநர் போன் பண்ணிப் பாராட்டினார்.

வழி திறந்ததும் மனிதர்களின் அசிங்கம் வெளியே வந்தது. கணக்குப் பிரிவுத் தலைவர் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்ப்பார். எந்தக் கிழவர் எவ்வளவு மீதி வைக்கிறார் என்று பார்த்து மாலை பிஸ்கட்டை நிறுத்தினார். அதை அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லவும் சொன்னார். பல் இடுக்கில் கீரை. வாய் மெல்லும் கிழவர்களை இப்படி ஒளிந்து பார்ப்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

நான் பார்த்தது என் அப்பாவை மட்டும். அவர் கட்டிலுக்கு மேல் கேமரா, சத்தமும் கேட்கும். மூலையில் சிறியதாகத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். அந்தப் பெண் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அவர் மணி அடிப்பதற்கு ஹார்ன் என்று பேர் வைத்திருந்தார்.

"என்னம்மா, வண்டி எங்க நின்னு போச்சு?"

"மாடி பூரா நான் ஒருத்திதாம்ப்பா. எனக்கு என்ன ரெக்கையா முளைச்சிருக்கு?"

"முளைச்சா ஒண்ணை எனக்குக் குடு. பையன் வீடு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"அவர் வருவாருப்பா. திரும்பிப் படுங்க."

திரும்பிப் படுங்க என்றால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். போர்வையை விலக்குவாள். முகம் சுளிக்காமல், கதை பேசிக்கொண்டே கையை விடுவாள். நாற்றம் வராது என்று நான் போட்ட கணக்கு அங்கே தப்பியது. திரையில் பார்த்தாலே எனக்கு மூக்குக்குள் வந்துவிட்டது. திரையை அணைத்திருக்கலாமே என்பீர்கள். அப்பாவைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறவன் ஒரு மகனா?

மணியின் திரையும் அதே வழியில் எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறையில் யாராவது மணி அடித்தால் பணிப்பெண்ணின் மேசையில் அந்த அறை எண் சிவப்பாகும், சத்தம் வரும். 'வருகிறேன்' என்ற கட்டத்தைத் தொட்டால் அடங்கிவிடும். தொட்டவர் எழுந்து போகிறார் என்று அர்த்தம். யாரும் தொடாவிட்டால் சற்று நேரத்தில் கீழ்த்தளத்திலும் மேட்ரன் அறையிலும் சேர்ந்து அலறும், யாராவது ஓடி வருவார்கள். எங்கிருந்து தொட்டாலும் தொட்டதுதான்.

முதல் தடவை இரக்கத்தில் தொட்டேன். அந்தப் பெண் மேசையில் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். அப்பா மணி அடித்தார், மின்விசிறியைக் குறைக்கத்தான் இருக்கும். பாவம், சாப்பிடட்டும் என்று தொட்டேன். அடங்கியது. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். பிறகு சுற்றில் போனபோது எப்படியும் அவரைப் பார்த்தாள். யாருக்கும் நஷ்டமில்லை.

அதன் பிறகு பழகிவிட்டது. மணி அடித்தால் தொடுவேன். அவள் வருவது தள்ளிப்போகும், போர்வை விலகுவது தள்ளிப்போகும். அப்பா படுத்திருப்பதை நான் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொடக்கத்தில், "யாரும்மா அங்க?" என்று கூப்பிடுவார். போகப்போகக் கூப்பிடவில்லை. முதுகில் புண் வந்தது. மேட்ரன் என்னிடம் போனில், "உங்க அப்பா இப்ப ரொம்ப சாதுவாயிட்டார் சார், மணியே அடிக்கறதில்ல" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்மால் யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது.

என் மனைவி மட்டும் விடவில்லை. "ஒரு நடை நேர்ல போய்ட்டு வாங்களேன். உங்களையே கேக்கறாராம்."

"தினமும் பாத்துட்டுதானே இருக்கேன்."

"கிரிக்கெட்டையும்தான் தினமும் பாக்கறீங்க. அதுக்காக நீங்க விளையாடினதா ஆயிடுமா?"

அவளுக்கு வாய் அதிகம். அவள் தனியாகப் போய் வருவாள். வந்ததும் புடவையைத் தனியாக நனைக்கச் சொல்வேன்.

அன்றைக்கு வருகிறேன். மதியம். நான் வீட்டிலிருந்து வேலை. மனைவி வெளியே போயிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு மடியில். அப்பா அங்கே சாப்பிட்டு முடித்து மல்லாந்து கிடந்தார். திடீரென்று வாந்தி எடுத்தார். ஒரு பக்கமாகத் திரும்ப அவரால் முடியாது, எல்லாம் வாயிலும் மூக்கிலும் நின்றது. நல்ல கையால் மணியை அழுத்தினார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். தொட்டேன்.

மறுபடி அடித்தார். தொட்டேன். அந்தப் பெண் அடுத்த அறையில் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தொடாவிட்டால் அவள் கதவு வரைக்கும் சத்தம் போகும், போனால் வந்துவிடுவாள், வந்தால் அந்த வாயைத் துடைப்பாள். விரலை உள்ளே விட்டுத் துடைப்பாள். என்னால் நினைக்கவே முடியவில்லை. அவர் அடித்தார், நான் தொட்டேன். எத்தனை முறை என்று உங்கள் ஆட்கள் எண்ணியிருப்பார்கள்.

தொடாமல் இருந்தால் மேட்ரன் ஓடி வருவார் என்பது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அந்த மணி அப்படி அலறும்படி அலுவலகத்திலிருந்தே அமைத்துக் கொடுத்தது நான்தான். அவர் முகம் நிறம் மாறியது தெரிந்ததா என்றால், தெரிந்தது. கேமரா நல்ல கேமரா. கடைசியில் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன், மேலே பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் மணி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் ஈரக் கையோடு வந்து அப்பா என்று கத்தினாள். அப்போது திரையை அணைத்தேன். அவள் சுத்தம் செய்வதை நான் ஏன் பார்க்க வேண்டும்?

மணி அடங்கியது, மேசை அவளுடையது, ஆகவே அவள் என்று முடிவு செய்தீர்கள். அந்த ஒப்பந்தக்காரர் 'சட்டம்' மட்டும் தன் பெட்டியைக் குடைந்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "அண்ணே, இது மேசையிலிருந்து தொட்டதில்ல. உங்க பக்கத்துலேருந்து வந்திருக்கு. யாருண்ணே?" யார் என்று சொல்ல முடியாதப்பா, எங்களுக்கெல்லாம் ஒரே முகவரி என்றேன். "நீங்கதானேண்ணே அப்படி வச்சீங்க" என்று போனை வைத்துவிட்டார். நான் பேசாமலே இருந்திருப்பேன், அதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

ஆனால் முந்தாநாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் சட்டை, கண்ணாடி, சவரப் பெட்டி எல்லாம் ஒரு பையில். துவைத்து மடித்திருந்தாள். "நான் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லண்ணா. மணியே கேக்கல. என் புள்ளைங்க மேல சத்தியம்" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் உடம்பில் இல்லத்தின் வாடை இருந்தது. நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினேன்.

என் மனைவி அதைப் பார்த்தாள். அந்தப் பெண் போன பிறகு தண்ணீர்ச் சொம்பை எடுத்து வைத்தபடியே கேட்டாள்.

"தினமும் பாக்கறேன்னீங்களே. அன்னைக்கும் பாத்தீங்களா?"

கேட்டுவிட்டு அப்பாவின் பையை எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பையை ஏன் எடுத்துக்கொண்டு போனாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அவர் என்னுடைய அப்பா.

அதனால் வந்தேன். மணியை அணைத்தது நான். அந்த வழியைத் திறந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளுங்கள். அவள் மேல் எழுதிய குற்றச்சாட்டில், கிழவரை யார் துணையும் இல்லாமல் தனியாகச் சாகவிட்டதாக ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள், அது பொய். அப்பா தனியாகச் சாகவில்லை. கடைசி மூச்சு வரைக்கும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.