கல் கொட்டிய தீவில் ஐந்து பேர்

ஓடுகிறோம். படகுத்துறையிலிருந்து கோட்டை வாசலுக்கு நாற்பது அடி. வெள்ளிக்கிழமை. காலை பத்து இருபது. தலைக்கு மேலே பழைய மொபெட் போவதுபோல் ஒரு ட்ரோன் சத்தம். முதல் குண்டு கடலில் விழுந்தது. தண்ணீர் எழும்பி எங்கள் மேல் கொட்டியது.

படகில் ஸ்டீபன் நிற்கிறான். படகோட்டி. ஆம்பூர்க்காரன். நான் திமிரிக்காரன். இருவரும் ஒரே விமானத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் பதினோரு பேர் ஏறிவிட்டார்கள்.

"டேய், போட்டுக்கு வாடா! கோட்டை வாணாம்!"

"இன்னா பேசற! சுவரு தாங்கும்! உள்ள வாடா!"

இரண்டாவது குரல் என்னுடையது. நான் அங்கே கைடு. மூன்று வருடம், தினம் ஆறு முறை, ஒரே கதை. முதலில் இங்கே தீவே கிடையாது. படகு படகாகக் கல் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். மேடு வெளியே தெரியவே பல வருடம் ஆனது. அதன்மேல் பதினைந்தடி கனத்தில் சுவர். எத்தனையோ கப்பல்கள் சுட்டுப் பார்த்தன. ஒரு கல் பெயரவில்லை. சொல்லிச் சொல்லி நானே நம்பித் தொலைத்தேன்.

ஸ்டீபனும் என்னை நம்பினான். படகை உதவியாளிடம் விட்டுவிட்டுக் குதித்தான். படகு போய்விட்டது.

பத்து இருபத்தாறு. பீரங்கி அறையில் ஏழு பேர் ஒண்டியிருக்கிறோம். சுவரில் இடி. மண்கூட உதிரவில்லை.

"தாங்கிடுச்சுபா," என்று ஸ்டீபன் சிரித்தான்.

அடுத்தது கூரை வழியாக வந்தது.

கட்டியவன் நாலு பக்கமும் கடலைப் பார்த்தான். மேலே பார்க்கவில்லை. அவன் காலத்தில் வானத்திலிருந்து யார் சுட்டார்கள்? எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டாமா? சுட்டது யார் என்று கேட்டால் சண்டை போட்ட இரண்டு பக்கமும் அடுத்தவனைக் கை காட்டுகிறது. நாசமாய்ப் போகட்டும்.

இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. பஸ் வேலூர்க் கோட்டையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வேலூர் லாங் பஜாரில் ஒருவன் கோட்டைக்கு வழி கேட்டான். கண்டபடி திட்டிவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்.

ஸ்டீபனின் அம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். "போட்ட வுட்டுட்டு அவன் ஏம்பா உள்ள போனான்?"

"தெரியலம்மா."

இதுவரை அப்படித்தான் சொன்னேன்.

கணக்கு இது. படகில் போனவர்கள் உதவியாளோடு பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கோட்டைக்குள் போனது ஏழு. வெளியே வந்தது இரண்டு. நானும், ஒரு கால் போன ஒரு பெண்ணும். சுவர் அப்படியே நிற்கிறது. செத்தவர்கள் ஐந்து. நான்கு பேர் என் பின்னால் ஓடிவந்தவர்கள். ஐந்தாவது ஸ்டீபன். அவன் படகில்தான் இருந்தான். கூப்பிட்டது நான்தான், அம்மா.