ரோசன்னாவில் எத்தனை பேர்

கரியாக்கூ மாதிரிச் சின்னத் தீவில் பிறந்தவர்கள் தண்ணீரை வீணாக்க மாட்டார்கள், சார். நீங்கள் கிரெனடா, பெரிய தீவுக்காரர், உங்களுக்குக் குழாயில் வரும். எங்களுக்குக் கூரையில் விழுந்தால்தான் உண்டு. எங்கள் படகோட்டி கெல்ராயும் இங்கே பிறந்தவன்தான். அரை வாளியில் குளித்து முடித்துவிடுவான். அதனால்தான் எனக்குத் தெரிய வந்தது.

டிரெல் பே துறையில் படகுகளை வாடகைக்கு விடும் இடத்தில் நான் திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு படகிலும் ஒரு டிராக்கர் பெட்டி இருக்கிறது. படகு எங்கே போகிறது, என்ன வேகம், பேட்டரி எப்படி, அடித்தட்டில் தண்ணீர் ஏறி பம்ப் ஓடுகிறதா, குளிக்கிற தண்ணீர் தொட்டியில் எவ்வளவு மிச்சம், எல்லாம் எனக்கு வந்துவிடும். கடலுக்கடியில் எரிமலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் போட்டிருக்கிறோம். சுற்றுலாக்காரர்கள் அதற்குள் போனால் அலாரம் அடிக்கும். நான் போன் செய்து பணிவாக வெளியே வரச் சொல்வேன். இது நடக்கும் வரை என் பார்வையில் ஒரு படகும் தொலைந்ததில்லை.

படகோட்டிகள் அந்தப் பெட்டிக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் கெல்ராய் என் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பான்.

“மிஸ் வெர்லின், மாமியார் நேத்து என்னைப் பத்தி என்ன போட்டுக் குடுத்தா?”

“முனையில திரும்பறப்ப ரொம்ப வேகமாம்.”

“அவளுக்கு ஒரு மாமனாரைப் பாத்துக் கட்டி வைங்க. அப்பவாவது நம்மள விடுவா.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஷெர்மா என் தங்கை. அம்மா ப்ரூக்ளினுக்கு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், எனக்கு அது ஒத்துவராது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கடையில் மிட்டாய் திருடியதை, பாதிரியாரைப் பார்த்துச் சிரித்ததை, முதல் முதலில் ஒரு பையன் கையைப் பிடித்ததை, எல்லாவற்றையும் அவள் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லிவிடுவாள். அவளிடம் நான் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான். சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் நான் திட்டியதுகூட இல்லை.

சில வெள்ளிக்கிழமைகளில் ஒரு படகைக் கிரெனடாவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே விமானத்தில் இறங்குகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். கெல்ராய் தனியாக ஓட்டிப் போய், மறுநாள் பயணிகள் கப்பலில் திரும்புவான். அந்தப் பயணத்தில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது. இன்ஸ்யூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. ஏற்றினால் வேலை போய்விடும். போன வருடம் ஒருவனுக்கு அப்படிப் போனது. நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரையில் இருந்ததை முதலாளியிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

தவக்காலத்தில், மழையே இல்லாத சமயத்தில், கெல்ராய் ஓட்டிப் போகும் படகில் தொட்டித் தண்ணீர் அதிகமாக இறங்க ஆரம்பித்தது. முதலில் எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். கசிந்தால் ஒரே சீராக இறங்கும். இது அப்படி இல்லை. நடுவழியில் ஒரு குளியல், சிக்கனமான குளியல். அதற்குப் பின்னால் இன்னொன்று. நீளமானது, உப்புத் தண்ணீரில் நனைந்த நீளமான தலைமுடியை அலசுகிற மாதிரி. பிறகு பழைய பயணங்களையும் எடுத்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம், கிளம்பின கொஞ்ச நேரத்தில், படகு பெல்மான்ட் கரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. பெல்மான்டில் ஷெர்மாவின் தோழி மேவிஸ் இருக்கிறாள். அதே வெள்ளிக்கிழமைகளில் ஷெர்மா தலை பின்னிக்கொள்ள அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, சனிக்கிழமை வருவாள்.

அவளுக்கு நான் வாய்ப்புக் கொடுக்காமல் இல்லை, சார்.

“சோப்பு வாசனையா இருக்கியே” என்றேன் ஒரு சனிக்கிழமை.

“மேவிஸ் வீட்ல குளிச்சேன்க்கா. அவ தொட்டி நிரம்பி வழியுது.”

“மழையே இல்லையே. எப்படி வழியுது?”

“ஐயோ, நீ போலீஸ்ல சேந்திருக்கணும்” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அது தேங்காய்ச் சோப்பு. படகுகளில் வைப்பதற்காக நானே மொத்தமாக வாங்கி அடுக்குகிற சோப்பு.

இன்னொரு நாள் நேராகவே கேட்டேன். “யாரையாவது பாத்துக்கிட்டிருக்கியா?”

“இந்தத் தீவுல யாரு இருக்கா பாக்கறதுக்கு? ஆடும் கழுதையும்தான்.”

“கழுதைன்னாலும் பரவாயில்ல. எங்கிட்ட சொல்லு.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா” என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து படுக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறதாம்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கெல்ராய் முதலாளியிடம் வேலையை விடப் போவதாகச் சொன்னான். கிரெனடாவில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு அறை வீடு ஒன்றும் பார்த்துவிட்டான்.

“ஒத்தை ஆளுக்கு எதுக்குடா ரெண்டு ரூம்?” என்றார் முதலாளி மிஸ்டர் ஆல்பன். “மாமியாரையும் கூட்டிட்டுப் போறியா?”

“எடுத்துட்டுப் போனா மிஸ் வெர்லினுக்கு வேலை போயிடுமே.”

அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். என்னை யாரும் முட்டாள் ஆக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியிடம் சொல்லியிருந்தால் அவன் வேலை அன்றே போயிருக்கும். அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் ரோசன்னா என்கிற படகை எடுத்துப் போனான். படகு பெல்மான்டில் நின்றது, பிறகு தெற்கே திரும்பியது. சிவப்பு வளையத்துக்கு வெளியே ஒழுங்காகத்தான் போனது. காற்று நன்றாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. பிறகு நிறைய இறங்கியது. நான் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பம்ப் அலாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. அடித்தட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். எதன் மேலோ மோதியிருப்பார்கள். மிதக்கிற மரமாக இருக்கலாம். அலாரம் வந்தால் நான் போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் ரேடியோவில் கூப்பிட வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் கோஸ்ட் கார்டு காவல்படைக்குச் சொல்ல வேண்டும். எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் அலாரத்தை நிறுத்தினேன். ரோசன்னாவில் அந்த பம்ப் சும்மாவே ஓடும், முன்பும் ஓடியிருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். நான் கூப்பிட்டால் அவன் எடுத்து, தனியாக இருக்கிறேன், ஒன்றும் இல்லை என்பான். அதை நான் கேட்க விரும்பவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அக்கா, நான் ரோசன்னாவில் இருக்கிறேன், பயமாக இருக்கிறது என்று சொன்னால் போதும். போனை மேஜைமேல் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். சில சமயம் கிடைக்கும்.

பம்ப் நிற்காமல் ஓடிற்று. பிறகு நின்றது. பேட்டரிக்குத் தண்ணீர் போயிருக்க வேண்டும். திரையில் படகின் பச்சைப் புள்ளி சாம்பல் நிறம் ஆனது. மிஸ்டர் ஆல்பன் சாப்பிட்டுவிட்டு வந்தவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“ரோசன்னா எங்க? ஏய் வெர்லின், ரோசன்னா எங்க?”

“இப்பத்தான் போச்சு, மிஸ்டர் ஆல்பன்.”

அவர்தான் கோஸ்ட் கார்டைக் கூப்பிட்டார். இடத்தைச் சொல்லச் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். கடைசியாகப் புள்ளி இருந்த இடத்தை நான் தவறில்லாமல் சொன்னேன். நீரோட்டம் மேற்கே இழுக்கிறது என்பதையும் சொன்னேன். பிறகு கோஸ்ட் கார்டில் பேசிய பையன் கேட்டான், படகில் எத்தனை பேர் என்று.

“ஒருத்தர்” என்றேன்.

மிஸ்டர் ஆல்பன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். படகு கிளம்பும்போது எழுதிய தாளிலும் ஒருவர் என்றுதான் இருந்தது.

பக்கத்துத் தீவான பெட்டிட் மார்ட்டினிக்கின் மீனவர்கள் கெல்ராயைக் கண்டுபிடித்தார்கள். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் உயிர்மிதவையில் கிடந்தான். ஒருவர் போனார், ஒருவர் கிடைத்தார். தேடுவதை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். துறையில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் யாரோ ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சோறும் பட்டாணியும் ஆக்கினேன். ஷெர்மாவுக்கு எடுத்து மூடி வைத்தேன். பக்கத்து வீட்டு மிஸ் ஓடில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “எங்க உன் சின்ன ராணியக் காணோம்?” என்றார். பெல்மான்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் என்னிடம் சொன்னது அதுதான். சனிக்கிழமை திரை முன்னால் உட்கார்ந்து, பழக்கத்தில், மிதந்து போகிற ஒரு பொருள் அந்த நீரோட்டத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்த்தேன். கைக்கு எட்டாத தூரம் இல்லை. கோஸ்ட் கார்டின் எண் போனில் இருந்தது. மத்தியானம் இன்னொரு முறை பார்த்தேன். அப்போது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கெல்ராய் கண் விழித்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்டபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதற்குள் ஒரு சரக்குக் கப்பலின் ஆட்கள் அவள் உடலைத் தூக்கியிருந்தார்கள். உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தாள். விசிலின் கயிறு அவள் விரலில் சுற்றியிருந்ததாம். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

அந்த வீட்டில் இரண்டாவது அறை எனக்காகத்தான் என்று கெல்ராய் சொல்கிறானாம். ஈஸ்டர் அன்று இருவரும் சேர்ந்து வந்து என்னிடம் சொல்வதாக இருந்ததாம். எனக்குக் கோபம் வரும் என்று ஷெர்மா பயந்து பயந்து தள்ளிப்போட்டாளாம். இப்போது யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சார். அவள் என்னிடம் சொல்லவில்லை.

அலாரத்தை நிறுத்தியது நான்தான். அவள் படகில் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் ஒருத்தர் என்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அவள் தன் வாயால் ஒரு தடவை சொல்லியிருந்தால், நான் இரண்டு பேர் என்று சொல்லியிருப்பேன்.