பித்தளைச் சுத்தியல்

எங்கள் கிடங்குக்கு வருவதானால் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் போட்டிருக்கும் நைலான் உரசினாலே பொறி பிறக்கும். பெயின்டில் கலக்கும் தின்னரின் ஆவி பற்றிக்கொள்ள அது போதும். அப்பா அப்படித்தான் தொழிலை நடத்தினார். 'விபத்தில்லா நாட்கள்' என்று வாசலில் ஒரு பலகை மாட்டினார். தினமும் அதில் எண்ணை மாற்றுவது என் வேலை. ஆறு நாட்களுக்கு முன்பு காலையில் 6,213 என்று எழுதினேன்.

அன்று தம்பி காலித் தின்னர் தொட்டியைக் கழுவ இறங்கப் போனான்.

"அண்ணே, பம்புக்காரருக்குக் கை வெந்து நாலு மாசமாச்சு. நீங்க பலகையில சைபர் போடவே இல்ல."

"அது விபத்தாடா? அவன் அஜாக்கிரதை."

"மூணு விரல் போயிருக்கு, அஜாக்கிரதையாம்! அப்பா இருந்திருந்தா அந்தப் பலகையாலயே உங்களைச் சாத்தியிருப்பாரு. நாளைக்குப் பாதுகாப்புச் சோதனைக்கு ஆபீசர் வர்றாரு, சொல்லத்தான் போறேன்."

சிரித்துக்கொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மறுமுனையை என்னிடம்தான் கொடுத்துவிட்டு இறங்கினான்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலேயே கிடக்கும். உள்ளே ஆள் இருக்கும்வரை, வெளிக்காற்றைச் செலுத்தும் புளோயர் ஓட வேண்டும். அதை நிறுத்தினேன். கயிறு இரண்டு முறை இழுபட்டது. தூக்கிவிடு என்று அர்த்தம். கயிற்றை உள்ளே போட்டுவிட்டேன்.

அவன் திடகாத்திரமானவன். ஏணியில் ஏறியே வந்துவிட்டான். விளிம்பில் விரல்கள் தெரிந்தன. "அண்ணே" என்றான். சுத்தியலால் அடித்தேன். பித்தளைச் சுத்தியல்தான், இரும்பென்றால் பொறி பறக்கும். வலக்கைக்கு ஓர் அடி. இடக்கைக்கு மூன்று. பிறகு நெற்றி. சத்தம் அடங்கியதும் சுத்தியலைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டினேன். புளோயரை ஓடவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

தவறி விழுந்தான் என்றே எல்லாரும் நம்பினார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் யாரோ பலகையில் சைபர் எழுதியிருந்தார்கள். இரண்டு தலைமுறையாக யார் முன்னாலும் தலைகுனியாத குடும்பம் எங்களுடையது. தொழில் தெரியாதவர்கள் என்ற பேச்சை என்னால் தாங்க முடியாது.

என் தம்பியை நான்தான் கொன்றேன். அது விபத்தில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பலகையையும் திருத்தச் சொல்லுங்கள். இன்று 6,219.